வெள்ளவத்தையிலிருந்து துங்கநாத் பனிக்கு: நிக்கோன் 200–500 லென்ஸோடு எட்டு நாள்

போன பெப்ரவரியில் இந்தியாவின் உத்தராகண்டில், இமயமலையில் உள்ள சோப்தா, துங்கநாத் பக்கம் எட்டு நாள் தங்கி, பனியில் பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். வந்த நாளிலிருந்து எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, அந்தக் குளிருக்கு என்ன லென்ஸ் கொண்டு போனீங்கள்?" கொண்டு போனது நிக்கோன் 200–500 மி.மீ. எஃப் 5.6. கமரா நிக்கோன் டி500. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரேயடியாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

இரண்டும் பாவித்தவை. கனடாவுக்குக் குடிபோகும் ஒரு குடும்பத்திடம், தெஹிவளையில் அவர்கள் வீட்டில் வைத்து வாங்கினேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் நல்ல கமரா சாமான்கள் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகின்றன. விசா வந்த கிழமையே விற்பனைக்கு வந்துவிடும். இந்த லென்ஸ் 2015இல் வெளிவந்தபோது விலை ஏறக்குறைய 1,400 டொலர். அன்றைய டொலர் வேறு, இன்றைய டொலர் வேறு. புதிதாக வாங்குவது எனக்கு நினைத்தே பார்க்க முடியாத காரியம். விற்றவர் நேர்மையான மனிதர். பேரம் பேசும் முன்பே டோர்ச்சை எடுத்து என் கையில் தந்தார். "அக்கா, முதல்ல அடிச்சுப் பாருங்கோ. ஃபங்கஸ் இருந்தால் எடுக்க வேண்டாம், எனக்கும் மனவருத்தமாய் இருக்கும்." அறை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பக்கமிருந்தும் ஒளியைச் செலுத்திப் பார்த்தோம். கண்ணாடியின் விளிம்பிலிருந்து சிலந்தி நூல் போல ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லை. நாலைந்து தூசி மட்டும். தூசியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, படத்தில் தெரியாது.

இமயமலைக்கு ஏன் போனாய் என்று கேட்டால், காரணம் நுவரெலியாவில் இருக்கிறது. அங்கே விக்டோரியா பூங்காவுக்கு ஒவ்வொரு மாரியிலும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வந்து நிற்கும். சிட்டுக்குருவியிலும் சிறிய பறவை. ஆணுக்கு நெஞ்சு செம்மஞ்சள், அதன் இரு பக்கமும் கறுப்புக் கரை. வடமேற்கு இமயமலையில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் மலைநாட்டுக்கு வருகிறது. அந்தப் பூங்காவின் வாய்க்கால் ஓரத்தில் அதைப் படம் எடுக்கும் போதெல்லாம் ஒரு எண்ணம் ஓடும்: இது எந்தக் குளிரை விட்டு வந்தது, அந்தக் குளிரை விட்டு வராமல் அங்கேயே இருந்துவிடும் பறவைகள் எவை? ஏழெட்டு வருடம் மனதில் கிடந்த கேள்வி. தம்பியும் வருகிறேன் என்றவுடன் விசாவுக்குப் போட்டுவிட்டோம்.

சரி, லென்ஸுக்கு வருகிறேன்.

முக்காலியில் பூட்டும் காலோடு சேர்த்து லென்ஸ் 2.3 கிலோ. டி500 உடம்பு பற்றறியோடு 860 கிராம். இரண்டும் சேர்ந்தால் மூன்று கிலோவுக்கு மேல். டி500இன் சென்சர் சிறியது என்பதால் 500 மி.மீ. என்பது பார்வைக் கோணத்தில் 750க்குச் சமம். இருபத்தைந்து மீற்றர் தூரத்தில் நிற்கும் ஒரு சேவல் அளவுப் பறவை சட்டத்தின் பாதிக்கு மேல் வந்துவிடும். பனியில் இதுதான் பெரிய விஷயம். கிட்டப் போகவே கூடாது. குளிர்காலத்தில் பறவை தின்னும் ஒவ்வொரு கிழங்கும் அன்றைய இரவைத் தாண்டுவதற்கான சூடு. நாம் துரத்தி ஒருமுறை எழுப்பிவிட்டால் அந்தச் சூட்டைச் செலவழித்துத்தான் அது பறக்கிறது. அதனால் நீளமான லென்ஸ் வேண்டும் என்பதை வெறும் ஆசை என்று நான் நினைக்கவில்லை.

முக்காலி கொண்டு போகவில்லை. வெள்ளவத்தையில் ஒரு தையல்காரரிடம் பழைய டெனிம் காற்சட்டையைக் கொடுத்து, இரண்டு அறை உள்ள பை ஒன்று தைப்பித்தேன். வெறும் பையாகக் கொண்டுபோய், வழியில் உகிமத் ஊர்க் கடைத்தெருவில் மூன்று கிலோ கொண்டைக்கடலை வாங்கி நிரப்பினோம். பாறையிலும் பனிமேட்டிலும் அதை வைத்து, அதன்மேல் லென்ஸை வைத்தால் அசையாது. வரும்போது கடலையை லொட்ஜ் சமையலறைக்கே கொடுத்துவிட்டோம்.

நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். ஆயத்தங்களில் பாதி அங்கிருந்தே வந்தது. லென்ஸின் காலும் வளையமும் உலோகம். குளிரில் அதைப் பிடித்தால் கையுறையைத் தாண்டிச் சுடுவது போல இருக்கும். அதைச் சுற்றி சுளுக்குக்குக் கட்டும் கிரேப் பண்டேஜைச் சுற்றினேன். பக்கத்தில் உள்ள சிறு சுவிட்ச்கள் தடித்த கையுறை பட்டு நமக்குத் தெரியாமலே நகர்ந்துவிடும். அவற்றின்மேல் மைக்ரோபோர் பிளாஸ்டர் ஒட்டினேன். அது பிசின் விடாமல் உரிந்து வரும். மாத்திரைப் போத்தல்களில் வரும் சிலிக்கா ஜெல் பைகளையும் ஒரு மாதமாகச் சேர்த்தேன், ஆனால் அவை இந்த அளவு லென்ஸுக்குப் போதாது. பெரிய பைகளாக வாங்க வேண்டும். கையுறைக்குள் ரப்பர் கையுறை போட்டால் இன்னும் சூடாக இருக்கும் என்று நினைத்து முதல் நாள் செய்து பார்த்தேன். வியர்வை உள்ளேயே நின்று, அரை மணித்தியாலத்தில் விரல் நுனி விறைத்துவிட்டது. செய்யாதீர்கள். மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்று, அதன்மேல் விரல் பகுதி திறக்கும் தடித்தது ஒன்று போதும்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். அதை எல்லாரும் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். என்னிடம் கீறல் விழுந்த பழைய 95 மி.மீ. ஃபில்டர் ஒன்று இருந்தது. இந்த லென்ஸின் முகத்துக்கும் அதே அளவுதான். அதை பிரிட்ஜில் ஒரு மணித்தியாலம் வைத்து எடுத்தேன். மேசையில் வைத்து மூச்சு விடுவதற்குள் கண்ணாடி பூத்து, பிறகு துளித்துளியாகி, விளிம்பில் தண்ணீர் வடிந்தது. இரண்டாம் முறை, சிப் பூட்டு உள்ள பொலித்தீன் பைக்குள் போட்டுக் காற்றைப் பிதுக்கிவிட்டு பிரிட்ஜில் வைத்தேன். எடுத்தபோது தண்ணீர் முழுக்கப் பையின் வெளிப்பக்கத்தில். உள்ளே ஃபில்டர் காய்ந்தபடி இருந்தது. சூடான ஈரக் காற்று குளிர்ந்த பொருளைத் தொட்டால் நீர் படியும், அவ்வளவுதான் சங்கதி. ஏசி அறையிலிருந்து கமராவைக் காலி வீதிக்குக் கொண்டு வந்தவர்கள் இதை ஏற்கெனவே அறிவார்கள். பனிமலையில் திசை மாறுகிறது. அங்கே வெளியே போகும்போது பயமில்லை, உள்ளே வரும்போதுதான் பயம். அடுப்பு எரியும் அறைக்குள் நுழையும் முன், வாசலிலேயே கமராவையும் லென்ஸையும் பைக்குள் போட்டு மூடிவிடுவேன். இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் திறப்பேன். மெமரி கார்டை மட்டும் முன்பே எடுத்து வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறந்துவிடுவோம்.

இந்த லென்ஸில் சூமைத் திருப்பும்போது குழாய் வெளியே நீளும். அதை மனதில் வைத்துத்தான் பனியில் பாவிக்க வேண்டும். நீளும்போது காற்றை உள்ளே இழுக்கிறது, குறுகும்போது வெளியே விடுகிறது. மலையில் அந்தக் காற்றில் ஈரம் குறைவு, அதனால் பாதகமில்லை. ஆனால் நீண்டிருக்கும் குழாயின்மேல் பனித்துகள் விழுந்திருந்தால், அதைத் துடைக்காமல் உள்ளே தள்ளக் கூடாது. நான் ஒரு சிறு பெயின்ட் தூரிகை வைத்திருந்தேன். முதலில் தூரிகை, பிறகு துணி, பிறகுதான் சூம். வாயால் ஊதவே கூடாது. மூச்சில் உள்ள ஈரம் அந்த இடத்திலேயே உறைந்துவிடும். 200இலிருந்து 500 வரை போக வளையத்தை நிறையத் திருப்ப வேண்டும், தடித்த கையுறையோடு ஒரே திருகில் முடியாது, கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் 500இலேயே வைத்திருந்தேன். நிக்கோனின் புதிய 180–600 லென்ஸில் குழாய் நீளுவதில்லை, திருப்பும் தூரமும் குறைவு. ஆனால் அது மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கமராவுக்கானது, கமராவும் சேர்த்து மாற்ற வேண்டும். நிக்கோனின் இன்னொரு லென்ஸான 500 மி.மீ. எஃப் 5.6 பிஎஃப் வெறும் 1,460 கிராம், ஏறும்போது அந்த எடைக்கு ஏங்கினேன். ஆனால் வெளிவந்தபோது அதன் விலை இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

எங்கள் பாதை ரிஷிகேஷ், தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, உகிமத். மந்தாகினி ஓரத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்திலேயே வெண்தொப்பிச் செவ்வால் ஒன்று நீரின் நடுவே கல்லில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. உச்சந்தலை வெள்ளை, உடல் கறுப்பு, வயிறும் வாலும் செம்மண் நிறம். அதிலிருந்து மேலே ஏற ஏற மரங்களின் அடியில் வெள்ளை தொடங்கியது. சோப்தா ஏறக்குறைய 2,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டின் அதியுயர் மலையான பீதுருதலாகலை 2,524 மீற்றர்தான். அதாவது நாங்கள் படுத்து எழும்பிய இடமே இலங்கையில் இல்லாத உயரம். அங்கிருந்து துங்கநாதர் கோயில் 3,680 மீற்றரில். சிவனின் ஐந்து கோயில்களான பஞ்ச கேதாரத்தில் ஒன்று. "துங்கநாதரைக் கும்பிட்டுட்டு வா" என்று அம்மா சொல்லியனுப்பினார். குளிர்காலத்தில் கோயில் பூட்டியிருக்கும், சுவாமியைக் கீழே மக்குமத் கிராமத்துக்கு எழுந்தருளப் பண்ணியிருப்பார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் பனியில் நின்று கும்பிட்டோம். மஞ்சள் அலகு மலைக் காகங்கள் கோயில் கூரையைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருந்தன.

நான் தேடிப்போன, குளிரை விட்டு வராத பறவைகளில் ஒன்று மோனால், இமயமலையின் கோழியினப் பறவை. அதைக் கண்டது மூன்றாம் நாள் காலை. என் சிறு வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 9 பாகை காட்டியது. வழிகாட்டி கார்வாலி மனிதர், ஐம்பது வயது இருக்கும். முன்னால் போனவர் சட்டென்று நின்று, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்தினார். "தீதி, தீரே" (அக்கா, மெதுவாக) என்றார் தணிந்த குரலில். அப்படியே அமர்ந்தோம். சரிவில், மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரத்தில், ஆண் மோனால் ஒன்று பனியைக் கிண்டிக்கொண்டிருந்தது. கோழி போலக் காலால் கிளறவில்லை. அலகால் தோண்டியது. மேல் அலகு கீழ்நோக்கி வளைந்து மண்வெட்டி போல இருக்கிறது. பக்கவாட்டில் பனியை வீசி, தலையைக் குழிக்குள் விட்டு, ஏதோ கிழங்கை இழுத்து, தலை தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது. அலகின் அடியில் மண்ணும் பனியும் கலந்து ஒட்டியிருந்தது. உச்சியில் கம்பி போன்ற கொண்டை இறகுகள், ஒவ்வொன்றின் நுனியும் சிறு கரண்டி மாதிரி அகன்று, குனியும்போதெல்லாம் தனித்தனியே ஆடின.

முகில் மூடியிருந்தபோது அந்தப் பறவை ஏறக்குறைய கறுப்பாகத்தான் தெரிந்தது. தம்பிகூட "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தம்?" என்ற முகத்தோடு பார்த்தான். பிறகு வெயில் ஒரு நிமிடம் விழுந்தது. கழுத்து செப்பாகி, அது தலையைத் திருப்ப அதே இடம் பச்சையாகி, முதுகு ஊதாவும் நீலமுமாக எரிந்தது. நம் புடவைக் கடைகளில் மயில்கழுத்துப் பட்டை விரித்து வெளிச்சத்தில் அசைத்துக் காட்டுவார்களே, அப்படி. பட்டில் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம் என்பதால் அப்படித் தெரிகிறது. மோனாலின் இறகில் அந்தச் சாயம் எதுவும் இல்லை. இறகின் மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் கோணம்தான் நிறமாகிறது. அதனால் கோணம் மாறினால் நிறமும் மாறும், முகில் வந்தால் அணைந்துவிடும்.

இங்கேதான் வெளிச்சக் கணக்கு முக்கியம். கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பனியைக் காட்டினால் பனி அழுக்குச் சாம்பலாகும், பறவை கரியாகும். என் முதல் நாள் படங்கள் பல அப்படித்தான் வந்தன. ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் வரை (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டினால் பனி வெள்ளையாகும் என்பது பொதுவான வழி. ஆனால் பறவை பனியிலிருந்து பாறைக்கும், பாறையிலிருந்து மரத்தடிக்கும் நகரும்போது தானியங்கி ஒவ்வொரு தடவையும் குழம்பும். மூன்றாம் நாளிலிருந்து முழுக்க மேனுவல், அதாவது வெளிச்ச அளவுகளை நானே வைத்தேன். முதலில் வெறும் பனியை எடுத்து, ஹிஸ்டோகிராமின் (படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) வலப்பக்கம் ஓரத்தைத் தொடாமல் கிட்ட நிற்கும்படி வைத்தேன். முகிலுக்கு 1/1000, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 800. வெயில் வந்ததும் ஐ.எஸ்.ஓ. 200, வேகம் 1/3200. வெளிச்சம் மாறாதவரை பறவை எங்கே போனாலும் கையை வைக்கத் தேவையில்லை. திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பனி வெளிச்சத்தில் கண் கூசி, திரை இருட்டாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராமையும் மூன்று நிறமாகப் பிரித்துப் பாருங்கள். மோனாலின் செப்புக் கழுத்தில் சிவப்பு மட்டும் தனியே வெளிறிவிடும், மொத்தக் கோட்டில் அது தெரியாது.

எடுத்த படங்களை வீட்டில் முழு அளவில் திறந்து பார்த்தேன். எஃப் 5.6இலேயே கண்ணும் கொண்டை இறகும் தெளிவு. லென்ஸின் துளையை எஃப் 8க்குச் சுருக்கி எடுத்தவற்றில் கழுத்து இறகின் ஒவ்வொரு செதிலும் தனித்தனி. ஒரு படத்தில், கண்ணைச் சுற்றியுள்ள நீலத் தோலில் மூன்று பனித்துகள் ஒட்டியிருப்பது தெரிகிறது. எடுக்கும்போது நான் அதைக் காணவே இல்லை. இந்த லென்ஸுக்கு நான் கொடுத்த காசுக்கு அந்தப் படம் ஒன்றே போதும்.

பறக்கும்போது மோனால் சரிவில் கீழ்நோக்கிப் பாயும், இடுப்பில் வெள்ளைத் திட்டு மின்னும். அதில் எனக்குக் கிடைத்தது இரண்டே படம். என் கை பிந்திவிட்டது. பனி பெய்யும்போது ஃபோக்கஸ் முன்னால் விழும் துகள்களைப் பிடித்துக்கொண்டு அலையும். லென்ஸில் ஆறு மீற்றரிலிருந்து முடிவிலி வரை மட்டும் தேடச் சொல்லும் சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டு, ஃபோக்கஸ் புள்ளியையும் ஒன்றாகக் குறைத்தால் எவ்வளவோ மேல். அதிர்வு தடுக்கும் வி.ஆர். கையில் பிடித்து எடுக்கும்போது நன்றாகக் கைகொடுத்தது. மூச்சிரைத்து, நெஞ்சு அடிக்கும் உயரத்தில் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

இன்னொன்று. சூடான அறையிலிருந்து எடுத்த லென்ஸால் உடனே படம் எடுத்தால் எல்லாம் மெழுகு பூசியது போல மங்கும். லென்ஸின் சூடு வெளியேறும்போது முன்னால் உள்ள காற்று கலங்குகிறது. ஒழுங்காக ஃபோக்கஸ் ஆகவில்லை என்று முதல் நாள் அரைமணி நேரம் போராடினேன். அரைமணி கழிந்ததும் தானாகச் சரியானது. அதற்குப் பிறகு விடிய எழும்பியதும் முதல் வேலை, கமராப் பையை வெளித் திண்ணையில் வைப்பது. முற்பகல் பதினொரு மணிக்கு மேல் வெயில் பட்ட பாறைகளின் மேலும் அதே அலை. அந்நேரம் தூரத்துப் படங்களை விட்டுவிட்டு, மேலே சுற்றும் கழுகுகளைப் பார்க்கலாம். எலும்புண்ணிக் கழுகு ஒன்று, சௌகம்பா சிகரத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் எங்கள் தலைக்கு மேலால் போனது.

ஒரு மனத்தாங்கலும் உண்டு, லென்ஸ் மேல் அல்ல. கொழும்பில் ஒரு கடையில் "ஒரிஜினல்தான் மிஸ்" என்று சத்தியம் செய்து விற்ற பற்றறி ஒன்றைக் கூட வைத்திருந்தேன். குளிரில் எல்லாப் பற்றறியும் பலவீனப்படும், உள்ளே நடக்கும் இரசாயன மாற்றம் மெதுவாகிவிடும். என் பழைய இரண்டும் அப்படிச் சோர்ந்தபோது, உள்சட்டைப் பையில் உடம்போடு அரைமணி வைத்தால் மீண்டு வந்தன. இந்தப் புதியது 60 வீதம் காட்டிக்கொண்டிருந்தபடியே, மோனாலுக்கு முன்னால் நின்றுபோனது, அதன்பிறகு எவ்வளவு சூடாக்கியும் எழும்பவில்லை. கொழும்பின் 30 பாகையில் அதன் குறை தெரிந்திருக்காது. மலிவாகக் கிடைக்கும் இடத்தில் மிச்சம் பிடிக்க எத்தனையோ சாமான் இருக்கிறது. பற்றறியில் வேண்டாம்.

திரும்பி வந்து கட்டுநாயக்கவில் வெளியே காலடி வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி பூத்துவிட்டது. எட்டு நாள் பனியில் லென்ஸுக்குள் ஒரு துளி ஆவிகூடப் படியவில்லை. அதை வெள்ளவத்தை வீட்டில் அன்று பின்னேரம்வரை பையைத் திறக்காமல் வைத்திருந்தேன், பிறகு ஈரமானி 45 காட்டும் உலர் பெட்டிக்குள் போனது. இந்த ஊரில் இந்த லென்ஸை வாங்குபவர் அப்படி ஒரு பெட்டிக்கும் சேர்த்துக் காசு ஒதுக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, பெரிய சிலிக்கா ஜெல், சிறு ஈரமானி இருந்தாலும் போதும். குழாய் நீளும் லென்ஸ் என்பதால், மழைநாளில் சூம் பண்ணும் ஒவ்வொரு தடவையும் கொழும்புக் காற்றை உள்ளே எடுக்கிறது. டோர்ச் அடித்துப் பார்ப்பதை மாதம் ஒருமுறை செய்கிறேன்.

என் கடையில் வேலை செய்யும் பெடியன் ஒருவன் இதே லென்ஸ் ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறான். வருகிற ஞாயிறு விடிய தலங்கம குளத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீளவால் இலைக்கோழி நடக்கும் இடத்தில் என்னுடையதைக் கையில் கொடுக்கப்போகிறேன். ஒரு மணித்தியாலம் தூக்கி வைத்திருந்து பார்த்துவிட்டு, வாங்குவதா இல்லையா என்று அவனே சொல்லட்டும்.